தேவராஜ் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோன பெட்டி

தேவராஜ் அண்ணன் போய்விட்டார். நேற்று மதியம், விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் பேக்கிங். அவர் ஃப்ரீசர் ரூம் இன்சார்ஜ்.

கல்லூரி லேப்களுக்கு பெப்டைட், அதாவது புரதத் துணுக்கில் செய்த ஆராய்ச்சி மருந்து, அனுப்பும் கம்பெனி அது. சின்னக் கண்ணாடிக் குப்பி, அடியில் ஒட்டினாற்போல் கொஞ்சம் வெள்ளைப் பவுடர். லேபிளில் 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல' என்று இருக்கும். பெரும்பாலும் லேப் எலிகளுக்குத்தான் போகும்.

அண்ணன் அந்தக் குப்பிகளை வைத்துக்கொண்டு எங்களைப் படுத்திய பாடு இருக்கிறதே… அப்பப்பா.

நான் சேர்ந்த புதிதில் ஃப்ரீசரிலிருந்து ஒன்றை எடுத்து உடனே மூடியைத் திருகப் போனேன். எங்கிருந்தோ ஓடி வந்தார்.

"ஏம்மா, என்னா அவசரம் ஒனக்கு? ஜில்லுனு இருக்கும்போதே தொறந்தா காத்துல இருக்கிற ஈரமெல்லாம் உள்ள போய் குந்திக்கும். மூடியோட வெய்யி. ரூம் சூட்டுக்கு வரட்டும், அப்பறம் தொற."

அன்று முழுக்க என்னை முறைத்துக்கொண்டே இருந்தார். சாயந்திரம் அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

ஃப்ரீசருக்குள் ஒரு டம்ளர் வைத்திருப்பார். தண்ணீரை உறைய வைத்து, ஐஸ் மேல் ஒரு காசு. ஃப்ரீசர் நின்று ஐஸ் உருகினால் காசு முழுகிவிடும். மறுபடி உறைந்தாலும் அடியில்தான் கிடக்கும். யாரும் மறைக்க முடியாது.

ஒரு ஆயுத பூஜை. முதலாளி வீட்டு வழக்கம், பூஜை போட்டால் மறுநாள் வரை எந்த மிஷினும் ஓடக்கூடாது. ஃப்ரீசருக்கும் முதலாளியே சந்தனம், குங்குமம் வைத்தார். கும்பிட்டார். எங்களையெல்லாம் அனுப்பிவிட்டு, அதையும் ஆஃப் செய்துவிட்டுப் போய்விட்டார்.

லீவு முடிந்து நாங்கள் வருவதற்குள் முதலாளியே வந்து ஆன் செய்திருந்தார், ஃப்ரீசர் ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்ப்ளேயில் வழக்கமான மைனஸ். பவுடரும் வெள்ளையாகவே இருந்தது. காசு மட்டும் டம்ளரின் அடியில்.

முதலாளி சிரித்தார். "பவுடரு பவுடராத்தானே இருக்குது? எதுக்கு தேவராஜ் பேஜாரு பண்ணிக்கினு இருக்கே?"

அண்ணன் விடவில்லை. "வேணாம் சார். கெட்டுப்போனத எலிக்குப் போட்டுட்டு, மருந்து வேல செய்யலன்னு எழுதி வெப்பாங்க. அத நம்பி இன்னொருத்தரு ஆரம்பிப்பாரு. எலியும் பாவம், அவங்களும் பாவம்."

ஃப்ரீசரில் இருந்த குப்பிகளை ஒரு பெட்டியில் அடுக்கி, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அழிக்க வேண்டியது என்று தனியே வைத்தார். அதை அழிப்பதற்குள் கம்பெனியையே மூடிவிட்டார்கள்.

ஆளுக்கு ஒரு பக்கம் போய்விட்டோம். சில மாதம் முன்பு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்தேன். பைக்கிலிருந்து விழுந்ததில் தோள்பட்டை தூக்க முடியாமல் இருந்தவர், கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியா, எவ்ளோ மேல போவுது! ஊசி போட்டுக்கிறேன் தங்கச்சி. நானேதான். வீடியோல எல்லாம் சொல்றான்."

"என்ன ஊசிண்ணே?"

"அதான்… அந்த செவப்பு ஸ்டிக்கர் பொட்டி. குப்பையில போட மனசு வரல, வூட்டுக்கு எடுத்தாந்துட்டேன்."

"அண்ணே, எலிக்கே ஆகாதுன்னீங்களே! அது ஊசி மருந்தே இல்லியே, கிருமி இல்லாம பண்ணதும் இல்ல. இன்னிக்கே தூக்கிப் போடுங்க."

சிரித்தார். "எலிக்குப் போட்டா ரிசல்ட்டு தப்பாயிடும்மா. நான் என்னா ரிசல்ட்டா எழுதப் போறேன்? பவரு கொறஞ்சிருக்கும், அவ்ளோதான். ஜல்தி ஏறு, பஸ்ஸு பொறப்படுது."

அதற்கப்புறம் போனில் எத்தனையோ முறை சொன்னேன். சரிம்மா, சரிம்மா என்பார். உங்களை என்ன சொல்லித் திட்டுவது அண்ணே… இனி திட்டித்தான் என்ன?

இன்று காலை வீட்டுக்குப் போனேன். அண்ணி அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தார். "வவுத்துல ஊசி குத்திக்கின எடம் வீங்கிச்சு, ஜொரம் அடிச்சுது. ரத்தத்துல விஷம் ஏறிடுச்சுன்னாங்க. எதனாலன்னு இன்னும் சொல்லல."

தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி.

திறந்தால் உள்ளே ஒரு சில குப்பிகள்தான். மற்ற குழிகள் எல்லாம் காலி. ஒரு ஆள் போட்டுத் தீர்க்கிற அளவு இல்லை அது.

"மீதி எங்க அண்ணி?"

"ஜிம்முக்குப் போற பசங்க வந்து வாங்கிக்கினு போவாங்க. முட்டி வலி, கை வலின்னு சொல்லுவாங்க. இவரு சும்மாதான் குடுத்தாரு. யாரு கேட்டாலும் இல்லன்னு சொல்லத் தெரியாதே இவருக்கு…"

யார் அந்தப் பையன்கள்? அண்ணிக்குத் தெரியவில்லை. பெட்டியில் மீந்திருந்த குப்பிகளை எடுத்துக்கொண்டு அண்ணியின் தம்பி ஆஸ்பத்திரி டாக்டரிடம் போயிருக்கிறார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணனின் போனில் ஒரு மெசேஜ் வந்தது. பெயர் இல்லை, வெறும் நம்பர்.

"அண்ணா, ஊசி போட்ட எடம் வீங்கிக்கினு நெருப்பா சுடுது. ரெண்டு நாளா ஜொரம். இன்னிக்கும் போட்டுக்கலாமா?"

அந்தப் போனிலிருந்தே உடனே கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். 'போடாதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ' என்று அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது.

தம்பி, நீ யாரென்று எனக்குத் தெரியாது. இதைப் பார்த்தால் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ, குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு போ. திண்டிவனம், விழுப்புரம் ஜிம் பக்கம் யாருக்காவது தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து ஷேர் பண்ணுங்கள்.

அண்ணனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

போய் வாருங்கள் அண்ணே… உங்கள் போன் என்னிடம்தான் இருக்கிறது. சார்ஜில் போட்டிருக்கிறேன்.