நீலக்கவசனுக்குக் கட்டிய சிவப்பு அட்டை

10-1-2001 — ரூ. 150
8-1-2002 — ரூ. 150
9-1-2003 — ரூ. 165
14-7-2003 — ரூ. 25
7-1-2004 — ரூ. 165 (திரும்பியது)
12-6-2004 — ரூ. 20
13-6-2004 — ரூ. 20
3-7-2004 — ரூ. 25
24-7-2006 — ரூ. 5

இந்த ஒன்பதும் மாதவனுடைய செலவுகள். அவர் வீட்டில் இவற்றை எழுதி வைக்க முடியாது என்பதால் என் நோட்டில் இருக்கின்றன. முதல் மூன்றும் ஒரு சித்திரக்கதை மாத இதழுக்குக் கட்டிய சந்தா. நான்காவது பதிவுத் தபால். ஐந்தாவது மணியார்டர். அடுத்த மூன்றும் சினிமா டிக்கெட். கடைசியாக ஒரு தபால் தலை.

மாதவன் அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆள். 1996-ல் ஓசூருக்கு வேலைக்கு வந்தார். சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் டைம் ஆபீஸில், வருகைக் கணக்கு எழுதும் வேலையில் நான் இருந்தேன். நான் ஓய்வு பெற்ற வருஷம் அவரை இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றினார்கள். சுற்றுவட்டாரத்துச் சிறு பட்டறைகளிலிருந்து வரும் பாகங்களை அளந்து பார்ப்பது அவர் வேலை. சரியாக இருந்தால் பச்சை அட்டை. தவறாக இருந்தால் சிவப்பு அட்டையைக் கம்பியால் கட்டி, நிராகரிப்புப் படிவம் மூன்று பிரதி எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். எந்த இடம், என்ன குறை, எப்படி இருந்திருக்க வேண்டும் என்று படிவத்தில் மூன்று கட்டங்கள். வேண்டியவர், வேண்டாதவர் என்று அவர் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவர் ‘வால்மீன்’ என்ற இதழுக்கு அடிமை. வெளிநாட்டுச் சித்திரக்கதைகளைத் தமிழில் போடும் இதழ் அது. அதில் வரும் நீலக்கவசன் பகலில் வானிலை நிலையத்தில் குமாஸ்தா. ஆபத்து என்றால் நீலக் கவசம் மாட்டிக்கொண்டு பறப்பான். மழை பட்டால் மட்டும் பலம் போய்விடும். கல்யாணமான புதிதில் மாமனார் இவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். பதினெட்டு கிலோ நீலக்கவசன். “மாப்பிள்ளை இன்னும் பள்ளிக்கூடம் முடிக்கலையோ?” என்று பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டார். அன்றே எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போயின. இனித் தொடமாட்டேன் என்று மாதவன் வாக்கும் கொடுத்தார்.

மூன்று வருஷம் தாக்குப்பிடித்தார். பிறகு இரண்டு வீடு தள்ளியிருந்த என்னிடம் வந்து, “சார், உங்க முகவரிக்கு ஒரு புத்தகம் வந்தா வாங்கி வைப்பீங்களா?” என்று கேட்டார். மதப் பிரசுரம் ஏதோ என்று நினைத்துச் சரி என்றேன்.

மாதம் பத்தாம் தேதி வாக்கில் தபால்காரர் ஆஞ்சப்பன் அதைக் கொண்டுவருவார்.

“ஏனு சார், உங்க ஃபிரண்டுக்கு பொம்மை வந்திருக்குது. கூடவே பால் புட்டியும் அனுப்பச் சொல்லட்டா?”

முதல் ஷிப்ட் முடிந்து மாதவன் நேராக என் வீட்டுக்கு வருவார். முன்னறையில் உட்கார்ந்து நாற்பது நிமிஷத்தில் படித்து முடிப்பார். மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார். அதன் பிறகு திட்டு.

“இதோட நாலு தடவை செத்துட்டான் சார். நாலு தடவையும் பொழச்சு வந்துட்டான். எனக்கு ஈஎஸ்ஐ-ல மூணு நாள் லீவு வாங்கவே நாக்குத் தள்ளுது.”

“பிடிக்கலைன்னா விட்டுடலாமே?”

“பிடிக்கலைன்னு யாரு சொன்னா?”

படித்த இதழைத் தேதி எழுதி என் அலமாரியில் அடுக்கிவிட்டுப் போவார்.

2003 ஜூலை இதழ் இரண்டு நாள் தாமதமாக வந்தது. முப்பத்தொன்றாம் பக்கமும் முப்பத்துநாலாம் பக்கமும் இடம் மாறியிருந்தன. நீலக் கவசம் ஓரிடத்தில் பச்சையாக அச்சாகியிருந்தது. கொட்டும் மழையில் நீலக்கவசன் பறந்துகொண்டிருந்தான். மாதவன் பையிலிருந்து கம்பெனியின் நிராகரிப்புப் படிவத்தை எடுத்தார். இருபத்தேழு குறைகள் எழுதினார். பதினாலாவது குறை இப்படி இருந்தது: ‘பக்கம் 22, கட்டம் 3. மோதிரம் இடது கையில் உள்ளது. வலது கையில் இருக்க வேண்டும்.’ கீழே, ‘தீர்மானம்: நிராகரிக்கப்பட்டது. திருத்திய பிறகே மறுபடி அனுப்பவும்.’ இதழின் மூலையில் ஓட்டை போட்டு, சிவப்பு அட்டையைக் கம்பியால் கட்டினார்.

“கம்பெனிப் படிவத்துலயா?” என்றேன்.

“வேற மாதிரி குறை சொல்ல எனக்குத் தெரியாது சார்.”

14-ஆம் தேதி பதிவுத் தபாலில் போயிற்று. செப்டம்பர் இதழில் அந்தப் படிவத்தை ஒரு முழுப் பக்கத்துக்கு அப்படியே அச்சிட்டிருந்தார்கள். மாதவன் அந்தப் பக்கத்தை என்னிடம் மூன்று முறை காட்டினார். நவம்பர் இதழில் நீலக்கவசன் உடையப்போகும் அணையைத் தோளால் தாங்கி நின்றான். முதல் மழைத்துளி விழுந்தது. ‘தொடரும்.’

தொடரவில்லை. டிசம்பர் இதழ் வரவில்லை. ஜனவரியில் அனுப்பிய மணியார்டர், பெறுநர் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஆஞ்சப்பன் பணத்தை எண்ணிக் கொடுத்தபோது மாதவன் வாங்கவே கை நீட்டவில்லை.

“நான் எழுதினா மூடிடறாங்க சார்,” என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சூளகிரியில் பரமசிவம் என்பவர் நாலு லேத் மெஷின் வைத்து எங்கள் கம்பெனிக்குப் புஷ் என்ற இரும்பு வளையங்களைச் செய்து கொடுத்துவந்தார். 2003 பிப்ரவரியில் அவருடைய 1,200 புஷ்களுக்கு மாதவன் சிவப்பு அட்டை கட்டினார். தொடர்ந்து மூன்றாவது முறை. கம்பெனி ஆர்டரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. ஏப்ரலில் கிருஷ்ணகிரி பஸ்ஸில் போகும்போது, அந்தப் பட்டறையின் ஷட்டரில் ‘வாடகைக்கு’ என்று எழுதியிருந்ததை மாதவன் பார்த்தார். அளவு தவறு என்பது உண்மை. அவர் எழுதியதும் உண்மை. அதன் பிறகு பஸ்ஸில் அந்தப் பக்கத்து ஜன்னலில் அவர் உட்காருவதில்லை. இப்போது வால்மீனும் போய்விட்டது. அந்த ஆசிரியரையும் தான்தான் நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தி, சந்தாதாரர்களை ஓடவைத்தோம் என்று முடிவு கட்டிவிட்டார்.

அடுத்த ஜூனில் நீலக்கவசன் சினிமாவாகத் தமிழ் பேசிக்கொண்டு ஓசூருக்கு வந்தான். பார்க்கப்போவதில்லை என்று மாதவன் வெள்ளிக்கிழமை என்னிடம் உறுதியாகச் சொன்னார். சனிக்கிழமை ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பார்த்தார். கவசம் கறுப்பாம். கதாநாயகிக்கு ஒரு பாட்டாம். வில்லன் மெட்ராஸ் பாஷை பேசுகிறானாம். “படமா சார் இது?” என்று கொதித்தவர் ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனார். மூன்றாவது தடவை, கம்பெனி வேலையாகக் கிருஷ்ணகிரி போன இடத்தில். “அணைக்கட்டு சீன் வர்றப்போ மட்டும் கண்ணை மூடிக்கிட்டேன்,” என்றார். டிக்கெட் துண்டுகளை என்னிடம் கொடுத்தார்.

அதன் பிறகும் மாதம் பத்தாம் தேதி தவறாமல் வந்து, “ஏதாச்சும் வந்துச்சா சார்?” என்று கேட்பார். இல்லை என்பேன். போய்விடுவார். ஒரு கடிதம் போட்டு விசாரிக்கலாமே என்றால், “ஆமான்னு பதில் வந்துட்டா?” என்பார். 2003 டிசம்பர் முதல் 2006 ஜூலை வரை அப்படி வந்தது முப்பத்திரண்டு முறை.

அந்த ஜூலையில் அவர் மனைவி ஜெயப்ரியா என் வீட்டுக்கு வந்தார். போன் பில் வந்ததா என்று ஆஞ்சப்பனிடம் கேட்டிருக்கிறார். அவர், “உங்க வீட்டுக்காரர் தபாலெல்லாம் அந்த சார் வீட்டுக்குத்தானேம்மா போகும்!” என்று சொல்லிவிட்டார்.

ஜெயப்ரியா உட்காரவில்லை. “சார், நீங்க பெரியவங்க. மறைக்காமச் சொல்லுங்க. இவுகளுக்கு உங்க அட்ரஸ்ல லெட்டர் போடுறது யாரு?”

பொய் சொல்லிப் பழக்கமில்லை. அலமாரியைத் திறந்தேன். முப்பத்துநாலு இதழ்கள், தேதி வாரியாக. மேலே இருந்ததை எடுத்துப் புரட்டினார். இன்னொன்றையும் புரட்டினார். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மூணு வாரமா நான் சோறு திங்கல சார். ஏதோ பொம்பள சமாச்சாரம்னு நெனச்சேன். பொம்மப் பொஸ்தகத்துக்கா இந்த மனுசன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு!”

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாதவன் ஷிப்ட் முடிந்து நுழைந்தபோது மனைவியையும் திறந்த அலமாரியையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

“உள்ள வாங்க, நீலக்கவசா,” என்றார் ஜெயப்ரியா.

“உங்கப்பாவுக்குக் குடுத்த வாக்கு...”

“அது எங்கப்பாவோடயே போச்சு. ரெண்டு வருசம் ஆச்சு. ஆமா, பொஸ்தகம்தான் நின்னு போச்சாமே, அப்புறமும் எதுக்கு மாசாமாசம் வாறீக?”

சிவப்பு அட்டை விஷயத்தை மாதவன் அப்போதுதான் மனைவியிடம் சொன்னார்.

“அந்த ஆசிரியரையே கேட்டு ஒரு லெட்டர் போடுங்க,” என்றார் ஜெயப்ரியா.

“என்னன்னு கேக்க? உங்க கடையை மூடினது நான்தானான்னா?”

“ஆமா. அப்படியே கேளுங்க.”

“எந்த முகவரிக்கு? மணியார்டரே திரும்பிருச்சு.”

நவம்பர் இதழின் கடைசிப் பக்க அடியை நான் காட்டினேன். எறும்பு எழுத்தில் அச்சிடுபவர், வெளியிடுபவர், உரிமையாளர் என்று போட்டு, ஆசிரியர் தங்கதுரையின் வீட்டு விலாசம் இருந்தது. மணியார்டர் போனது அச்சக விலாசத்துக்கு. ஒரு இதழில் இருபத்தேழு குறை கண்டுபிடித்தவர் அந்த வரியை ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

24-ஆம் தேதி கடிதம் போயிற்று. உள்ளே ஒரே வரிதான் இருந்தது.

பதில் கனமான உறையில் வந்தது. மாதவன் பிரிக்க மாட்டேன் என்றார். ஜெயப்ரியா பிரித்து வாய்விட்டுப் படித்தார்:

‘அன்புள்ள இன்ஸ்பெக்டர் ஐயா, கடையை மூடியது நீங்கள் அல்ல. எனக்கும் என் தம்பிக்கும் 6-5-2003 அன்று பாகப்பிரிவினை பதிவானது. அச்சு மெஷின் அவன் பங்குக்குப் போயிற்று. நவம்பர் வரை ஓட்டிக்கொள்ள அனுமதித்தான், அவ்வளவுதான். உங்கள் படிவம் வெளிவந்த இதழ்தான் என் பத்தொன்பது வருஷத்தில் அதிகம் விற்றது. ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு ஆள் பார்க்கிறார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. சிவப்பு அட்டை என் மேஜைக்கு மேல் தொங்குகிறது. இருபத்தாறு குறைகளை ஒப்புக்கொள்கிறேன். பதினாலாவதை ஒப்புக்கொள்ள முடியாது. அந்தக் கட்டத்தில் அவன் கண்ணாடியில் தெரிகிறான். சந்தாதாரருக்கு டிசம்பர் இதழ் பாக்கி என்பதால் மீதிக் கதையைக் கையால் எழுதி இணைத்திருக்கிறேன். வால்மீன் பெயரில் நான் எழுதும் கடைசிக் கடிதம் இதுவே. தங்கதுரை.’

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாகப்பிரிவினை பதிவாகி அறுபத்தொன்பதாம் நாள்தான் மாதவன் படிவத்தைத் தபாலில் போட்டிருக்கிறார். அதைச் சொன்னேன். மாதவன் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, “இன்னொரு தடவை சொல்லுங்க சார்,” என்றார். சொன்னேன். “அறுபத்தொம்பது,” என்று அவரும் சொல்லிக்கொண்டார்.

பிறகு அலமாரிக்குப் போய் ஜூலை இதழை எடுக்கப் பார்த்தார். அந்தப் பிரதியைத்தான் அட்டை கட்டி அனுப்பிவிட்டார் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. “கண்ணாடிதான் சார். எனக்கு இப்போ தெரியுது. பதினாலாவது நான் எழுதினதுதான் தப்பு.”

கையால் எழுதிய பக்கங்களை நின்றுகொண்டே படித்தார். மழையில் பலமிழந்த நீலக்கவசனின் தலைக்கு மேல், வானிலை நிலையத்துக் கடைநிலை ஊழியர் ஓடிவந்து குடை பிடிக்கிறார். அவன் அணையைத் தாங்கிவிடுகிறான்.

“குடையா!” என்று கத்தினார். “ஒரு குடைக்கா சார் நான் ரெண்டரை வருசம் காத்துக்கிட்டு இருந்தேன்? அவ்வளவு பெரிய அணை, ஒத்தக் குடை! எழுதுறேன் பாருங்க இருபத்தெட்டாவது குறை!”

“எழுதுவீக,” என்றார் ஜெயப்ரியா. “மொதல்ல அதை இங்கிட்டுக் குடுங்க, நான் படிக்கணும்.”

அவர் கொடுக்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கியிருந்தார்.

பரமசிவத்தின் விஷயத்தை எந்தக் கடிதமும் தீர்க்காது. மறுநாள் மாதவன் சூளகிரிக்குப் போனார். பரமசிவம் இப்போது மாம்பழக் கூழ் ஆலைக்கு வண்டி ஓட்டுகிறார் என்றும், டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அதிகம் பேசவில்லை என்றும் வந்து சொன்னார். திரும்பும்போது அந்தப் பட்டறைப் பக்கத்து ஜன்னல் ஓரத்தில்தான் உட்கார்ந்து வந்தாராம்.

செலவில்லை என்றாலும் நோட்டில் கடைசியாக இதையும் எழுதினேன். தங்கதுரையின் கடிதம் வந்த நாள்: 19-8-2006, சனிக்கிழமை.