கைக்குத் தெரிந்த பாஸ்வேர்ட்

தோட்டத்து மேனேஜர், எங்கள் தொரை, இருந்தார். பெரிய கிளாக்கர் இருந்தார். கொழும்பிலிருந்து காலையில் வந்த என்ஜினியர் இருந்தார். வாசலை அடைத்துக்கொண்டு வாட்சர். மூலையில் நான், துடைப்பத்தோடு. தேயிலைத் தோட்டத்து ஆபீசின் கம்ப்யூட்டர் அறை அவ்வளவு பேருக்குக் காணாது.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ. முதல் நாள் இடியில் கரண்ட் போய் மெஷின் நின்றுவிட்டது. ஒரு பெட்டிக்குள் மூன்று கம்ப்யூட்டர் ஓடுகிற மாதிரி அதை அமைத்திருந்தார்கள். கரண்ட் வந்தால் பெட்டி தானாக விழிக்கும். உள்ளே இருக்கிற மூன்றும் விழிக்காது. ஒருவர் பாஸ்வேர்ட் அடித்து உள்ளே போய் எழுப்ப வேண்டும். அது தெரிந்த கம்ப்யூட்டர் கிளாக்கர் போன மாதம் வெளிநாடு போய்விட்டார். எங்கும் எழுதி வைக்கவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை.

யாருக்காவது தெரிந்திருக்கும் என்று தொரை நினைத்தார். வேலை முடியும்வரை யாரும் வெளியே போகக்கூடாது என்றார்.

"பூட்டுனவரு போயிட்டாரு, சாவியும் பிளேன் ஏறிருச்சு," என்று வாட்சர் என் காதில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு அந்தப் பாஸ்வேர்ட் தெரியும். கை தெரிந்து வைத்திருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் கிளாக்கர் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். கரண்ட் போன காலைகளில் பஸ் பிந்தும். அவர் வருமுன் மெஷின் எழும்பியிருக்க வேண்டுமென்று எனக்குக் காட்டிக் கொடுத்தார். கீபோர்டில் எந்தக் கட்டை, அடுத்து எந்தக் கட்டை. இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது.

கிளாக்கரைத் தவிர யாரும் மெஷினைத் தொடக்கூடாது என்பது தொரையின் உத்தரவு. தொட்ட பெக்டரி ஆள் ஒருவரை மலை வேலைக்கு அனுப்பிவிட்டார். கொழுந்து லொறியிலிருந்து விழுந்ததில் என் முட்டி போய்விட்டது. ஆபீஸ் கூட்டுவதால்தான் எனக்கு நாள் பேர், அன்றன்றைய கூலிக் கணக்கு, விழுந்தது. மலைக்கு அனுப்பினால் ஒரு நாள்கூட விழாது.

இரண்டு மணி நேரம் அந்த மூலையையே கூட்டிக்கொண்டிருந்தேன்.

என்ஜினியர் என்னென்னவோ அடித்துப் பார்த்தார். கடைசியில், மெஷினை நிறுத்தி, வேறொரு டிஸ்க்கில் எழுப்பி, பாஸ்வேர்டை அழிக்கலாம் என்றார். மெஷின் பழசு, இடிக்குப் பிறகு எழும்பினதே பெரிது, இன்னொரு தரம் நிறுத்தினால் திரும்ப எழும்புமோ என்னவோ, பொறுப்பு எடுக்க முடியாது என்றும் சொன்னார்.

யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்ற செக்ரோல் முழுதும் அதற்குள். "புத்தகத்தில எழுதுறதை எப்பவோ விட்டிட்டம்," என்றார் பெரிய கிளாக்கர். அவர் முகம் வெளிறிவிட்டது. என் பெண்சாதி கொழுந்து எடுத்த நாளெல்லாம் அதில்தான் இருந்தது.

என்ஜினியர் சுவிட்சில் விரலை வைத்தார்.

"தொரைங்க, நான் ஒருக்கா அடிச்சுப் பாக்குறேங்க."

"உமக்கு ஏ, பி, சி தெரியுமோ?" என்றார் பெரிய கிளாக்கர்.

"தெரியாதுங்க ஐயா."

அடித்தேன். திறக்கவில்லை. மறுபடி அடித்தேன். திறக்கவில்லை. வாட்சர் செருமினார். கையை எடுத்துவிட்டுக் கட்டைகளைப் பார்த்தேன். எதுவோ குறைந்தது.

"அந்த ஓரத்துல பச்சை லைட்டு எரியணுங்க சேர்."

என்ஜினியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எண் கட்டைகளை வேலை செய்ய வைக்கிற ஒரு கட்டையைத் தட்டினார். லைட் எரிந்தது. மூன்றாம் முறை திறந்தது.

அதோடு நகர்ந்திருக்கலாம். கை நிற்கவில்லை. உள்ளே இருந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எழுப்பிவிட்டது. செக்ரோல் வந்ததும் பெரிய கிளாக்கர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தொரை உட்காரவில்லை. என்னையே பார்த்தார்.

"நீ இதுக்கு முந்தி எத்தனை தரம் தொறந்தது?" என்று தனக்கு வந்த தமிழில் கேட்டார்.

இதுதான் முதல் தடவை என்று சொல்லச் சொல்லி வாட்சர் கண்ணைக் காட்டினார். மூன்றையும் எழுப்பிய கையைப் பார்த்தபிறகு யார் நம்புவார்கள்? கிளாக்கர் சொல்லித்தான் செய்தேன் என்றாலும், ஆமாம் என்று சொல்ல அவர் இல்லை. ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்து தொட்டதால் கணக்கு மனதில் நின்றது. அதைச் சொன்னேன்.

நாற்பத்தேழு.