நிரப்பித் திரும்பாத தட்டுகள்: பழுகாமத்தில் ஒரு சித்திரை

சித்திரை வருடப்பிறப்புக்கு மட்டக்களப்புப் பக்கம் எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று கேட்டு ஒவ்வொரு பங்குனியிலும் இந்த வலைப்பூவுக்கு நாலைந்து கடிதங்களாவது வரும். "பிறகு எழுதுகிறேன்" என்று தட்டிக் கழித்தே வந்தேன். இந்த வருடம் போய் வந்தேன், ஆனால் சுற்றிப்பார்க்க அல்ல. ஒரு பொய்யைக் காப்பாற்றப் போனேன். அதனால் இந்தப் பதிவில் வாவியின் படங்கள் குறைவு, சந்தோஷமும் குறைவு. பயண விவரங்களை மட்டும் சரியாகத் தந்திருக்கிறேன்.

பழுகாமத்தில் என் அம்மம்மா இருக்கிறார். எண்பத்தாறு வயது. ஊரில் எல்லோருக்கும் அவர் பெத்தா, கொழும்பில் வளர்ந்த எனக்குத்தான் அம்மம்மா. அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் என் அம்மா, வெள்ளவத்தையில் என்னோடு இருக்கிறார். அடுத்தவர் ராசன் மாமா. கடைசி சின்னம்மா, அம்மம்மாவோடு அதே வீட்டில் இருக்கிறார். ராசன் மாமா போன ஆவணியில் வத்தளையில் நெஞ்சு நோவு வந்து இறந்துபோனார். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்தான் அம்மம்மாவும் இதய வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது சொல்ல வேண்டாம் என்று எல்லோரும் முடிவெடுத்தார்கள். மாமா கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார், பாலைவனத்து முகாமில் தொலைபேசி எடுக்காது என்று சொன்னார்கள். "இப்போது வேண்டாம்" என்பது எட்டு மாதமாக நீண்டுவிட்டது.

சித்திரை வந்தபோதுதான் சிக்கல். இறப்பு நடந்த குடும்பத்தில் ஒரு வருடத்துக்கு வருடப்பிறப்புக் கொண்டாட மாட்டார்கள். அடுப்பில் எண்ணெய்ச்சட்டி வைத்துப் பலகாரம் சுட மாட்டார்கள். பலகாரம் சுடாவிட்டால் அம்மம்மா ஏன் என்று கேட்பார். சுட்டால் சின்னம்மாவின் மனம் ஒப்பாது. கடைசியில் அம்மாவும் சின்னம்மாவும் தொலைபேசியில் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கொழும்பிலிருந்து கடைப் பலகாரம் வரட்டும், சின்னம்மாவுக்குக் கைநோவு என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்பது ஏற்பாடு.

வருடாவருடம் சித்திரைக்குப் போவது அம்மாதான். இந்த முறை மறுத்துவிட்டார். "அவட முகத்தப் பாத்து என்னால பொய் சொல்ல ஏலாது. நீ போ" என்றார். என்னால் மட்டும் முடியும் என்று எப்படி நினைத்தாரோ தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் போனேன்.

வருடப்பிறப்புக்கு முதல் நாள் காலை 6.05க்குக் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ரயில். இரண்டாம் வகுப்பு முன்பதிவுக்கு 1,900 ரூபா கொடுத்தேன். சித்திரைக் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே ஆசனம் முடிந்துவிடும், முன்பதிவு இல்லாமல் ஏறினால் ஒன்பது மணி நேரம் நிற்க வேண்டியதுதான். மடியில் மூன்று கிலோ பலகாரம் கொண்ட பிஸ்கட் தகரம் இருந்தது. கொக்கிஸ், முறுக்கு, பயத்தம் பணியாரம் எல்லாம் வெள்ளவத்தையில் வாங்கியவை, 7,200 ரூபா. பக்கத்து ஆசனத்து அம்மா "வீட்டில சுட்டதா?" என்று கேட்டார். ஓம் என்றேன். பயிற்சியாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மட்டக்களப்பில் இறங்கும்போது பிற்பகல் 3.20. நிலையத்திலிருந்து பஸ் தரிப்பிடத்துக்கு ஆட்டோ 300 ரூபா. அங்கிருந்து கல்முனை போகும் பஸ்ஸில் ஏறி, காத்தான்குடி, ஆரையம்பதி, தேற்றாத்தீவு தாண்டிக் களுவாஞ்சிகுடியில் இறங்க வேண்டும். ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர், ஒரு மணி நேரம், 150 ரூபா. களுவாஞ்சிகுடிச் சந்தை அன்று நெரிந்துகொண்டிருந்தது. புது உடுப்பு, மண்பானை, வெடிக்கட்டு எல்லாவற்றையும் ஆட்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். நான் தகரத்தைக் கட்டிப்பிடித்தபடி ஆட்டோ தேடினேன்.

பழுகாமத்துக்கு ஆறு கிலோமீற்றர், 800 ரூபா. பட்டிருப்புப் பாலத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் வாவி வெயிலில் கண்ணைக் கூசவைக்கிறது. படம் எடுக்க நினைப்பவர்கள் மாலை ஐந்தரைக்குப் பிறகு வாருங்கள். பாலம் தாண்டினால் அறுவடை முடிந்த வயல் வட்டைகள், நெல் போன தரையில் மாடுகள் மேய்கின்றன. எந்த வீடு என்று ஆட்டோக்காரர் கேட்டார். சொன்னதும் வேகத்தைக் குறைத்தார்.

"ராசன் அண்ணன்ட வீடா? பெத்தாக்கு இன்னும் தெரியாதாமே."

"தெரியாது."

"எங்களுக்கெல்லாம் உங்கட சின்னம்மா சொல்லித்தான் வைச்சிரிக்கா. ஊரே வாயப் பொத்திக்கிட்டு இரிக்கு. நீங்க பயப்பிடாதீங்க."

அவர் சொன்னது உண்மைதான். எட்டு மாதமாக ஒரு வாயும் திறக்கவில்லை. இவ்வளவு பேர் சேர்ந்து ஒருவருக்காக இப்படிப் பொய் சொல்ல முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அம்மம்மா விறாந்தையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். என்னைக் கண்டதும் முதல் கேள்வி, "கொம்மா எங்க?" அம்மாவுக்கு முழங்கால் நோவு, பிரயாணம் செய்ய ஏலாது என்றேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார்.

"நாளைக்கு வருசம். எண்ணெய் மணத்தக் காணல்லயே?"

"கை நோவுதும்மா. புள்ள கொழும்பில இருந்து கொண்டு வந்திரிக்கா" என்றார் சின்னம்மா.

அம்மம்மா ஒரு பயத்தம் பணியாரத்தை எடுத்துக் கடித்தார். மென்றுவிட்டு மிச்சத்தைத் தட்டில் வைத்தார். "மா. வெறும் மா" என்றார். பிறகு கடைக்காரருக்குப் பாடம் எடுப்பவர்போல எனக்குச் சொல்லத் தொடங்கினார். நான் தொலைபேசியில் குறித்துக்கொண்டேன். கேட்டவர்களுக்காக இதோ.

ஒரு சுண்டு, அதாவது ஒரு பெரிய கோப்பை, பயறு. கருகாமல், மணம் வரும்வரை வறுத்துக் கோது புடைத்து மாவாக்க வேண்டும். அரைச் சுண்டு தேங்காய்ப்பூவைத் தனியாகப் பொன்னிறமாக வறுக்க வேண்டும். சர்க்கரையைப் பாகு காய்ச்சி, ஏலம், சீரகம், மிளகு இடித்துப் போட்டு, எல்லாவற்றையும் சூட்டோடு குழைத்து உருண்டை பிடிக்க வேண்டும். ஆறினால் உதிர்ந்துவிடும், கை பொறுக்காவிட்டால் இந்தப் பலகாரத்துக்கே போகக் கூடாது. பிறகு பச்சை அரிசி மாவில் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் உப்பும் சேர்த்துக் கரைத்து, உருண்டையைத் தோய்த்துப் பொரிக்க வேண்டும். மிளகு எவ்வளவு என்று கேட்டேன். "ராசன் இருமுற அளவு" என்றார். சின்ன வயதில் மாமா அடுப்படியில் உட்கார்ந்து உடைந்த உருண்டைகளைத் தின்பாராம். ஒரு முறை இருமினால் மிளகு காணும், அதுதான் அளவு. இதைச் சொல்லும்போது அம்மம்மா சிரித்தார். சின்னம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

மறுநாள் வருடம் காலையிலேயே பிறந்தது. பக்கத்து வீட்டுத் தவமணியக்கா கோயிலிலிருந்து மூலிகை போட்டுக் காய்ச்சிய மருத்துநீர் கொண்டுவந்து தந்தார். சின்னம்மா ஒரு வருடத்துக்குக் கோயிலுக்குப் போக முடியாது என்பதால் அந்த ஏற்பாடு. தலையில் வைத்து முழுகினோம். அம்மம்மா புதுச்சேலை கட்டி, வெற்றிலையில் காசு வைத்து எனக்கும் சின்னம்மாவுக்கும் கைவிசேஷம் தந்தார். மூன்றாவது வெற்றிலை ஒன்றைச் சுருட்டிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். "ராசன் வந்தா குடுக்க" என்றார். எல்லாம் ஒப்பேறிவிட்டது என்று அப்போதும் நினைத்தேன்.

ஒன்பது மணிக்குத் தட்டுகள் வரத் தொடங்கின. இந்த ஊரில் சித்திரையன்று வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டு போகும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள், தங்கள் வீட்டுப் பலகாரத்தால் நிரப்பித்தான் கொடுப்பார்கள். ஆனால் சாவு நடந்த துடக்கு வீட்டுக்குத் தட்டு கொண்டுபோகிறவர்கள் கொடுத்துவிட்டு வருவார்கள். அங்கேயிருந்து எதையும் வாங்க மாட்டார்கள், கடையில் வாங்கியதாக இருந்தாலும்தான். சின்னம்மா ஊர் முழுக்க வாயை மூடிக்கொள்ளச் சொல்லியிருந்தார். நாங்கள் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவர்களும் யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் பழக்கத்துக்குப் போயிற்று.

முதலில் தவமணியக்கா. சின்னம்மா தட்டை வாங்கி, கொட்டி, என் கொக்கிஸை அடுக்கி நீட்டினார். தவமணியக்காவின் கை வந்து, பாதியில் நின்றது. "தட்டு கிடக்கட்டும், பிறகு எடுக்கிறன்" என்று போய்விட்டார். அடுத்து வந்தவர் வெறுந்தட்டையே கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மம்மா நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவதாக எதிர்வீட்டுக்குப் புதிதாகக் கலியாணம் முடித்து வந்த பெண். அம்மம்மா அவளைக் கிட்ட அழைத்து, தட்டைத் தன் மடியில் வைத்து, தன் கையாலேயே நிரப்பினார்.

"இந்தா புள்ள. நான் தாறன். எடு."

அந்தப் பெண் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அம்மம்மா தட்டை மடியிலேயே வைத்திருந்தார். சின்னம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஆரு?"

மூன்று பிள்ளைகள், ஒன்று கண்முன்னே நிற்கிறது. மிச்சம் இரண்டு.

"கொம்மாவா?"

"இல்ல அம்மம்மா. அம்மா இருக்கா. நல்லா இருக்கா." இவ்வளவு வேகமாக நான் எதற்கும் பதில் சொன்னதில்லை.

"பொய் சொல்லாத. வருசா வருசம் வாறவ. நீ தனிய வந்து நிக்கிறாய். கூப்பிடு."

அம்மாவின் இலக்கத்தை அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டேன். நாலாவது தரம் மணி அடிக்க அம்மா எடுத்தார். "என்ன புள்ள, மருத்துநீர் வைச்சாச்சா?" என்றார். அம்மம்மா அந்தக் குரலைக் கேட்டார். கண்ணை மூடினார். அவர் முகத்தில் வந்த ஆறுதலை நான் பார்த்தேன். அது கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை.

"அப்ப என்ட ராசன்" என்றார்.

தொலைபேசிக்குள் அம்மா அழத் தொடங்கினார். சின்னம்மா அம்மம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அம்மம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயவில்லை, நாங்கள் எட்டு மாதம் பயந்த எதுவும் நடக்கவில்லை. எப்போது என்று கேட்டார். கொள்ளி வைத்தது யார் என்று கேட்டார். பிறகு சேலைத் தலைப்பை அவிழ்த்து அந்த வெற்றிலையைப் பக்கத்தில் வைத்தார். எதிர்வீட்டுப் பெண்ணிடம் தட்டை வெறுமையாக்கித் திருப்பிக் கொடுத்து, "நீ போ புள்ள, உன்னில பிழையில்ல" என்றார். மத்தியானத்துக்குள் ஊர் முற்றத்துக்கு வந்துவிட்டது. எட்டு மாதம் அடக்கிவைத்த ஒப்பாரியை எல்லோரும் ஒரே நாளில் அழுதார்கள். அடுத்த தெருவில் வெடி கொளுத்தியவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பழுகாமத்தில் தங்குமிடம் இல்லை, மட்டக்களப்பில் அல்லது கல்லடியில் தங்குங்கள். வருடப்பிறப்பன்றும் மறுநாளும் பஸ் மிகக் குறைவு. களுவாஞ்சிகுடியிலிருந்து திரும்ப ஆட்டோவை முன்பே பேசிவையுங்கள். மதிய வெயில் பொல்லாதது. யாராவது வீட்டில் தட்டு நீட்டினால் வாங்குங்கள், வெறுமையாகத் திருப்பாதீர்கள். ஒரு வீட்டில் எதுவும் சுடவில்லை என்று கண்டால் காரணம் கேட்காதீர்கள். மேலே உள்ள பணியாரத்தை நான் இன்னும் செய்து பார்க்கவில்லை. ஆவணி வரை எங்கள் வீட்டிலும் எண்ணெய்ச்சட்டி இல்லை. செய்கிறவர்கள் மிளகளவைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். வீட்டில் பெரியவர்களிடம் ஒரு சாவை மறைத்து வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல ஏதுமில்லை. எங்களுக்கும் அது அன்பாகத்தான் தெரிந்தது.

அம்மா அன்று இரவே வாகனம் பிடித்து, மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து இறங்கினார். 38,000 ரூபா, ஒன்பது மணி நேரம். கையில் ஒன்றும் கொண்டு வரவில்லை. அம்மம்மா எழுந்திருக்கவில்லை. அம்மாவைக் குனியச் சொல்லி, முகத்தையும் தோளையும் இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். முழங்காலையும் அமுக்கிப் பார்த்தார்.

"நீ வந்திருந்தா நான் ஆரு எண்டு கேட்டிருக்க மாட்டன்" என்றார்.