தொட்டிக்காரம்மாவின் இருநூறு தொட்டிகள்

அவருக்கு வேறு பெயர் உண்டு. யாரும் கூப்பிட்டதில்லை. தொட்டிக்காரம்மா என்றால்தான் தெரியும். நாற்றுப்பண்ணையில் கூலிக்கு மண் கலந்து, பிறகு சொந்தமாகப் பண்ணை வைத்தவர். கல்யாணம், கடை திறப்பு என்றால் அலங்காரத்துக்குத் தொட்டிச் செடிகளை அனுப்புவார். "போட்டோல மாப்பிள்ளையைவிட என் குரோட்டன்ஸ்தான் அதிகமா விழுந்திருக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். ஒவ்வொரு தொட்டியின் விளிம்பிலும் வெள்ளைப் பெயிண்டில் எண் இருக்கும்.

ஒரே மகள், ஏழாம் வகுப்பு. அந்த வருடம் பள்ளி பசுமைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தது. குப்பையைப் பிரிப்பது, உரக்குழி, பிள்ளைகளே வளர்க்கும் செடிகள் எல்லாவற்றுக்கும் மதிப்பெண். அதற்கென்று சேர்த்த பதினாறு பிள்ளைகளுக்கு மகள்தான் தலைவி. "நல்லா வளர்ந்த செடியா நாலு எடுத்துட்டுப் போடி" என்று அம்மா சொன்னபோது மறுத்துவிட்டாள்.

"விதை மட்டும் குடும்மா. நாங்களே வளர்க்கணும். அதான் ரூல்."

எட்டு மாதம் வளர்த்தார்கள். வெட்டிய எண்ணெய் கேன்களில் செடிகள், ஒவ்வொன்றிலும் வளர்த்த பிள்ளையின் பெயர்ச்சீட்டு. லீவு நாளில்கூட முறைபோட்டுப் போய்த் தண்ணீர் ஊற்றினார்கள்.

ஒருநாள் தலைமையாசிரியர் பண்ணைக்கே வந்தார். "நாளைக்கு ஒரு விழாம்மா. முகப்பு கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கணும். இருநூறு தொட்டி தேவைப்படும்."

"நம்ம பிள்ளை படிக்கிற இடம். எடுத்துக்குங்க சார்" என்றார் தொட்டிக்காரம்மா. சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு வேனில் கொண்டுபோய், தன் கையாலேயே வரிசையாக அடுக்கிவிட்டு வந்தார். வீட்டில் மகளிடம் எதுவும் சொல்லவில்லை. காலையில் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தார்.

மறுநாள் மாலை தொட்டிகளை எடுக்கப் போனவர், கைகழுவக் கழிப்பறைப் பக்கம் போனார். சுவரோரம் எண்ணெய் கேன்கள் குப்புறக் கிடந்தன. மண் கொட்டி, வேர் வெளியே தெரிந்தது. குனிந்து ஒரு சீட்டை எடுத்தார். மகளின் கையெழுத்து.

பியூன் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "சார்தான் தூக்கிப் போடச் சொன்னாருக்கா. இன்னைக்குச் சான்றிதழுக்குப் பார்க்க வர்றவங்க கண்ணுல படக்கூடாதுன்னு."

விழா எதுவும் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனார். அவர் டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தார்.

"அதுங்க எல்லாம் நோஞ்சான் செடிம்மா. அதைக் காட்டினா மார்க் விழுமா? உங்க பொண்ணு என்னமா பேசினா தெரியுமா! நாங்க விதை போட்டு வளர்த்ததுன்னு ஒவ்வொரு தொட்டியாக் காட்டினா."

தொட்டிக்காரம்மா தொட்டிகளோடு கேன்களையும் பொறுக்கி வேனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"ஏன் பாப்பா அப்படிச் சொன்ன?"

"சார் சொல்லச் சொன்னார். தொட்டி பூரா உன் நம்பர். நீயும் அவரும் பேசி வச்சுக்கிட்டீங்கன்னு நினைச்சேன்."

"சத்தியமா எனக்குத் தெரியாது. விழான்னு சொன்னாரு."

"என்ன விழான்னு நீ கேட்கவே இல்லையா?"

கேட்கவில்லை. அது உண்மை. அன்று மகள் சாப்பிடவில்லை. அம்மாவும் சோற்றை மூடி வைத்துவிட்டார்.

அந்த வாரமே சான்றிதழ் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். நடந்ததை நடந்தபடி, தொட்டி எண்களோடு எழுதினார். மகளிடமும் படித்துக் காட்டினார். அவள் தலையாட்டினாள். இரண்டு வாரம் கழித்துத் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் இருந்தது அதே கடிதம். விளக்கம் கேட்டு அலுவலகம் அதைப் பள்ளிக்கே அனுப்பியிருந்தது.

"என்மேல நம்பிக்கை இல்லேன்னா பிள்ளைங்களை நம்புங்க" என்று அவர் ஒரு தாளை நகர்த்தினார். செடிகளைத் தாங்களே வளர்த்ததாக எழுதி, பதினாறு கையெழுத்து. மூன்றாவது, தொட்டிக்காரம்மாவின் மகளுடையது.

தொட்டிக்காரம்மா அந்த எழுத்தை இன்னொரு முறை பார்த்தார். எழுந்து வந்துவிட்டார். வழியில் தெரிந்தவர்கள் பேச்சுக் கொடுத்தார்கள். காதில் விழவில்லை.

"எல்லாரும் போட்டாங்கம்மா. நான் மட்டும் போடலேன்னா, உங்கம்மாவாலதான் சான்றிதழ் போச்சுன்னு சொல்வாங்க" என்று மகள் அழுதாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ தொட்டி வைக்கிறப்ப எங்கிட்ட சொன்னியா?"

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. தொட்டிக்காரம்மா எழுந்து பண்ணைக்குள் போய், ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிய பாத்திகளுக்கே மறுபடி ஊற்றினார்.

பிள்ளைகளின் கையெழுத்தை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. சான்றிதழ் கிடைத்தது. கண்ணாடி போட்டுப் பள்ளி வாசலில் மாட்டினார்கள். மீட்டு வந்த கேன் செடிகளில் பாதி பிழைத்தன. மகள் அந்தப் பக்கமே போகவில்லை. செடி கேட்டு வந்த ஒருவருக்கு அவற்றை அம்மா கொடுத்தனுப்பிவிட்டார்.

வருட முடிவில் மகள் வேறு பள்ளி கேட்டாள். சேர்த்தார். புதிய இடத்தில், எந்த மன்றத்தில் சேர விருப்பம் என்று ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். சுற்றுச்சூழல் மன்றம்தான் முதலில் இருந்தது. மகள் அதைத் தாண்டிப்போய் ஓட்டப்பந்தயத்தில் குறி போட்டாள்.

"ஓடுவியா நீ?" என்றார் அம்மா.

"தெரியல. ஆனா எனக்குப் பதிலா வேற யாரும் ஓட முடியாதுல்ல."

தொட்டிக்காரம்மா படிவத்தை வாங்கி, பெற்றோருக்கான இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.