டவாலி மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தவள்

ஆரோக்கியசெல்விக்கு அரசாங்கம் கொடுத்த வேலை, நடப்பது. விழுப்புரத்தில் ஒரு பெரிய அதிகாரிக்கு அவள் டபேதார். வெள்ளைச் சீருடை, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே சிவப்பு டவாலி, அதன் நடுவில் சிங்கங்கள் பொறித்த பித்தளை வில்லை. அதிகாரிக்கு நாலடி முன்னால் போவாள். கூட்டம் விலகும். ஒலக்கூர் பக்கத்திலுள்ள அவளுடைய ஊரின் பெரும்புள்ளி வேங்கடேசன் மனு கொடுக்க வந்த அன்றும், அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். பதினோரு வருஷமாக இப்படியே பார்த்தவள், மரியாதை அந்த வில்லைக்குத்தான் என்று நம்பிவிட்டாள்.

சென்ற ஐப்பசியில் அவளுடைய அப்பா சவரிமுத்து இறந்தார். காலனியிலிருந்து கல்லறைக்குத் தார் ரோடு இருக்கிறது. அது ஊர்த்தெரு வழியாகப் போவதால் காலனிப் பிணம் எதுவும் அதில் போனதில்லை. வயல் வரப்பில்தான் போகும். எல்லார் வரிப்பணத்திலும் போட்ட ரோடு. தீண்டாமை ஒழிந்தது என்று சட்டம் எழுதி முக்கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது.

அப்பாவின் சவப்பெட்டி ரோட்டில்தான் போக வேண்டும் என்று அவள் முடிவெடுத்தாள். அழவில்லை. சீருடைக்கு இஸ்திரி போட்டாள். சிங்கங்களும் அவற்றின் கீழே ‘வாய்மையே வெல்லும்’ என்ற எழுத்தும் பளிச்சென்று தெரியும்வரை வில்லையைப் புளி போட்டு விளக்கினாள். டவாலியை மாட்டிக்கொண்டு பெட்டிக்கு நாலடி முன்னால் நடந்தாள்.

தெருமுனையில் வேங்கடேசன் பைக்கைக் குறுக்கே நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். பின்னால் முப்பது பேர்.

“இன்னா செல்வி, டூட்டியா?”

“வழி விடுங்க. அப்பாவ எடுத்துக்கினு போறோம்.”

“ஆபீஸ்ல நான் எழுந்து நின்னது உன் பின்னாடி வந்தவருக்கு. இப்ப உன் பின்னாடி யாரு வர்றாங்க, சொல்லு?”

கூட்டத்தில் ஒருவன், “சிங்கம் கடிக்குமாண்ணே?” என்றான். சிரித்தார்கள்.

பெட்டியைச் சுமந்திருந்த சித்தப்பா, “பேஜாரு வேணாம்மா, மழ வேற வருது” என்றார்.

போலீஸ் வந்தது. அவர்கள் தொப்பியிலும் சிங்கங்கள். “இந்த ஒரு தடவ வரப்புல போயிடுங்கம்மா. அப்பறம் பேசித் தீத்துக்கலாம்” என்றார் இன்ஸ்பெக்டர். அந்த ஒரு தடவை எத்தனையாவது தடவை என்று காலனியில் யாரும் எண்ணி வைக்கவில்லை.

அவள் திரும்பினாள். வரப்பு வழுக்கியது. சித்தப்பா சறுக்கி விழ, அவர் இடத்தில் அவள் தோள் கொடுத்தாள். டவாலிப் பட்டையின் மேல் பெட்டி உட்கார்ந்தது. பாரம் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

பத்தாம் நாள் மெமோ வந்தது. அரசுச் சின்னத்தைச் சொந்தக் காரியத்துக்கு அணிந்தது ஏன்? ரோட்டை மறித்தவருக்கு எந்தத் தாளும் போகவில்லை.

அவள் எழுதினாள்: “தவறுக்கு வருந்துகிறேன். அணிந்தும் பயனில்லை.”

இரண்டாவது வரி வேண்டாம் என்றார் ஆபீஸ் சூப்பிரண்டு. புதுத் தாளில் முதல் வரியை மட்டும் எழுதிக் கொடுத்தாள்.