கயிறு கட்டிய கதிரை

உயிரோடு இருக்கிற மனிதருக்கு மியூசியம் வைத்தால், அதைக் காவல் காப்பவனின் உயிர்தான் போகும். இரண்டாயிரங்களின் நடுவில் மொன்ட்ரியாலின் வில்லரேப் பகுதியில் எனக்கு வாய்த்த வேலை அது. போலந்திலிருந்து வந்து அந்த நகரத்திலேயே கிழவராகிவிட்ட கவிஞர் ஒருவர் மேல்மாடியில் இருந்தார். கீழ்வீட்டை அவருடைய மகள் மியூசியமாக்கி, அவரது மேசை, மூக்குக்கண்ணாடி, சாய்வுக்கதிரை எல்லாவற்றையும் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருந்தாள்.

அந்தக் கதிரையால்தான் தினமும் கரைச்சல். மேலே வாங்கிப் போட்ட புதுக்கதிரை முதுகை நோகடிக்கிறது என்று கிழவர் இறங்கிவந்து கயிற்றைத் தாண்டி இதில் சாய்ந்துவிடுவார். "எழுப்பு" என்பாள் மகள். "எழுப்பிப் பார்" என்பார் அவர். அந்த வயதுக்காரரை எழும்பச் சொல்ல எனக்கு வாய் வருமா? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

கவிஞரின் பிறந்தநாளுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று உதவிக்கு மனைவியைக் கூட்டிப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். வாசலில் பனி தள்ளிவிட்டு வந்து பார்த்தால், சுவரில் இருந்த கவிஞரின் பெரிய படத்தில், மனைவி வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் மாலை தொங்குகிறது.

"உனக்கென்ன விசரோ? செத்தவையின்ரை படத்துக்கெல்லோ மாலை போடுறது."

"இவர் சாகேல்லையோ? செத்தாத்தானே மியூசியம் வைப்பினம்," என்றாள். "நீங்களும் ஒருநாளும் சொல்லேல்லை."

கழற்றக் கை நீட்டினேன். பின்னால் கவிஞர் நின்றார். என்ன மாலை என்று கேட்டார். பொய் சொல்லும் அளவுக்கு என் பிரெஞ்சு போதாது. உள்ளதைச் சொன்னேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் படத்தையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, கயிற்றைத் தாண்டிக் கதிரையில் உட்கார்ந்தார். அதற்குள் விருந்தினரும் வந்துவிட்டார்கள்.

மகள் ஓடிவந்தாள். வந்தவர்களுக்கும் விளங்கட்டும் என்று போலிஷை விட்டுப் பிரெஞ்சிலேயே, "அப்பா, அது காட்சிக்கு வைத்தது. எழும்புங்கள்" என்றாள்.

"இவர்களுடைய ஊரில் இந்த மாலை செத்தவன் படத்துக்குப் போடுவதாம்," என்றார் அவர். "நான் செத்த பிறகு கயிறு கட்டு. இப்போது எனக்கு முதுகு நோகிறது."

மகள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி என் கையில் தந்தாள். பிறகு அவர் முதுகுக்கு வைக்கத் தலையணை எடுக்க மேலே போனாள்.