லீக்ஸ் கட்டில் ஒரு மலைப்பூச்சி

நுவரெலியாவிலிருந்து மரக்கறி லொறி ஓட்டிவந்த களைப்போடு அரியாலைத் தேத்தண்ணிக் கடையில் இறங்குகிறேன். உடுவில் ரீச்சர் கேட்டாவென்று மலையிலிருந்து கொண்டுவந்த அபூர்வ வண்ணத்துப்பூச்சியின் கூடு, பிஸ்கற் பெட்டிக்குள் வெடித்துக் கிடக்கிறது. இந்த ஊர் வெக்கை அவசரப்படுத்திவிட்டது போலும். சுருங்கிய ஈரச் செட்டையோடு பூச்சி என் சட்டையில் ஏறித் தொங்குகிறது.

“நொண்டியோ அண்ணை?” என்று கடைக்காரரிடம் கேட்கிறேன்.

“உனக்கு மூளைதான் நொண்டி,” என்கிறார் கடைக்காரர். “எங்கடை தேசிமரத்திலை பூச்சி வெடிச்சு வாறதை நெடுகப் பாக்கிறன். செட்டை காயுமட்டும் ஆடாதை. ஆடினால் கோணிப்போகும், பிறகு பறக்காது.”

பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் ஆடாமல் நிற்காதவன், கண் சொருகச் சொருக நிற்கிறேன். தேத்தண்ணியையும் அவரே பருக்குகிறார்.

கடைசியில் அது நீலமாய் விரிந்து, பறந்துபோய் லொறியிலுள்ள லீக்ஸ் கட்டொன்றின்மேல் இருக்கிறது. ரீச்சருக்கு வெறுங்கோதுதான். மலைப்பூச்சி இந்த வெக்கையைத் தாங்காது; அந்தக் கட்டை இறக்க மனம் வரவில்லை. லீக்ஸை நுவரெலியாவுக்கே ஏற்றிக்கொண்டு போகப்போகிற முதல் மடையன் நான்தான்.